இணையாக ஓடும் பல்லுறுப்புக்கோவைக் கணக்குகள்: பாரியில் நினைவக வரம்பை அமைக்கும் முறை

எட்டு கோர், 16 கிகாபைட் நினைவகம் உள்ள கணினி. பாரி-ஜிபி என்ற கணித மென்பொருளில் ஒரு பல்லுறுப்புக்கோவைப் பெருக்கலைத் தனியாக ஓட்டினால் விடை வருகிறது. அதையே பாரப்ளை என்ற இணைக் கட்டளை மூலம் எட்டு த்ரெட்டுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் எட்டு வேலைச் சரடுகளுக்கு, பிரித்துக் கொடுத்தால், த்ரெட் ஸ்டாக் நிரம்பிவிட்டது என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. பாரிசைஸ்மேக்ஸ் என்ற நினைவக உச்சவரம்பை 8 கிகாபைட் ஆக்கிய பிறகும் அதே பிழைதான், அதே 80 லட்சம் பைட் என்ற எண்ணோடு. கணினியில் நினைவகம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கூட்டிய வரம்பு வேறு, நிரம்பிய ஸ்டாக் வேறு.

பிரான்சின் போர்தோவில் உருவான பாரி, எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கு மிக வேகமான மென்பொருள்களில் ஒன்று. அந்த வேகத்துக்கு அதன் நினைவக ஏற்பாடும் ஒரு காரணம், இந்தத் தொல்லையும் அதிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் சிஸ்டத்திடம் இடம் கேட்காமல், தொடக்கத்திலேயே நீளமான ஒரே துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, மேல் முனையிலிருந்து கீழ்நோக்கிச் செலவழித்தபடி வரும். வேண்டாததை அவ்வப்போது கழித்து இடத்தை மீட்டுக்கொள்ளும். இதுதான் பாரி ஸ்டாக், அதாவது பிரதான ஸ்டாக். இதன் தொடக்க அளவு பாரிசைஸ். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அது 80 லட்சம் பைட். பாரிசைஸ்மேக்ஸுக்குப் பூஜ்யமல்லாத மதிப்பு கொடுத்திருந்தால், இடம் போதாதபோதெல்லாம் ஸ்டாக் இரட்டித்துக்கொண்டே அந்த உச்சம் வரை வளரும், கணக்கு முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். பூஜ்யமாகவே விட்டிருந்தால் வளராது.

இணையாக ஓடும்போது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இதே மாதிரி ஒரு தனி ஸ்டாக் உண்டு. அதன் தொடக்க அளவு த்ரெட்சைஸ், உச்சம் த்ரெட்சைஸ்மேக்ஸ். த்ரெட்சைஸ் பூஜ்யமாக இருந்தால், அதாவது நீங்கள் தொடாமல் விட்டிருந்தால், பாரி அந்த அளவைப் பாரிசைஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாரிசைஸ்மேக்ஸிலிருந்து எடுக்காது. த்ரெட்சைஸ்மேக்ஸும் பூஜ்யம் என்றால் அந்த ஸ்டாக் ஒரு பைட்கூட வளராது. மேலே சொன்ன கணினியில் நடந்தது இதுதான்: பிரதான ஸ்டாக் 8 கிகாபைட் வரை வளரத் தயாராக நின்றது, எட்டு த்ரெட்டுகளும் ஆளுக்கு 80 லட்சம் பைட்டில் திணறின.

அதனால் திட்டமிடும்போது எப்போதும் இந்தக் கூட்டலைப் போடுங்கள்:

மொத்தம் = பிரதான ஸ்டாக் + (த்ரெட் எண்ணிக்கை × ஒரு த்ரெட்டின் ஸ்டாக்) + ஹீப் + ஜிஎம்பி எடுக்கும் தற்காலிக இடம்

கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் வளர்பவை. ஒரு மாறிக்கு நீங்கள் மதிப்பு கொடுத்து வைத்தால் அது ஸ்டாக்கில் இருக்காது, ஹீப்பில் நகலாகப் போய் உட்காரும். கெட்ஹீப் என்று கேட்டால் இரண்டு எண்கள் வரும்: ஹீப்பில் எத்தனை பொருள்கள், அவை எத்தனை வேர்டு (64 பிட் கணினியில் ஒரு வேர்டு 8 பைட்). இரண்டாவது எண்ணை 8 ஆல் பெருக்கினால் பைட். பெரிய முழு எண்களைப் பெருக்கித் தரும் ஜிஎம்பி நூலகமோ, தன் இடைவேலைக்குச் சிஸ்டத்திடமே நேரடியாக இடம் வாங்குகிறது. பாரி வைத்த எந்த வரம்பும் அதைக் கட்டுப்படுத்தாது. மிகப் பெரிய எண்கள் என்றால் பெருக்கப்படும் எண்களுக்கு ஒப்பான அளவு இடம் அங்கே போகலாம் என்று வைத்துக்கொண்டு ஒதுக்கி விடுவது நல்லது.

அமைப்பது

முதலில் உங்கள் பாரி இணையாக ஓடக்கூடியதுதானா என்று பாருங்கள். தொடங்கும்போது வரும் வரிகளில் த்ரெடிங் எஞ்சின் என்ற இடத்தில் பித்ரெட் என்று இருக்க வேண்டும். சிங்கிள் என்று இருந்தால் பார் என்று தொடங்கும் கட்டளைகள் எல்லாம் வரிசையாகவே ஓடும், த்ரெட் அமைப்புகளுக்கு வேலையே இல்லை. மூலத்திலிருந்து கட்டும்போது கான்ஃபிகர் கட்டளைக்கு எம்டி என்ற விருப்பத்தில் பித்ரெட் என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

வரம்புகளை எழுத ஏற்ற இடம், யூனிக்ஸ் வகைக் கணினிகளில் உங்கள் ஹோம் டைரக்டரியில் உள்ள, புள்ளியோடு தொடங்கும் ஜிபிஆர்சி கோப்பு. எண்ணுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எம் ஒட்டினால் 10 லட்சம் பைட், ஜி ஒட்டினால் 100 கோடி பைட். மேலே சொன்ன 16 கிகாபைட் கணினிக்கு நாங்கள் பரிந்துரைக்கும் தொடக்கப் புள்ளி: பாரிசைஸ்மேக்ஸ் 4 ஜி, த்ரெட்சைஸ்மேக்ஸ் 1 ஜி, என்பித்ரெட்ஸ் (த்ரெட் எண்ணிக்கை) 8. உச்சத்தில் 4 + 8 × 1 = 12. மீதி நான்கு ஹீப்புக்கும் ஜிஎம்பிக்கும் சிஸ்டத்துக்கும். த்ரெட்சைஸைத் தொடாமல் பூஜ்யமாகவே விடுங்கள். தேவைப்படும் த்ரெட் தானாக வளர்ந்துகொள்ளும்.

உச்சத்தைப் பெரிதாக வைத்தால் அவ்வளவு நினைவகமும் உடனே போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். உச்ச அளவுக்கு முகவரி மட்டுமே பிடித்து வைக்கப்படுகிறது. தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் உண்மையான நினைவகம் செலவாகும். டாப் கட்டளையில் விர்ட் நெடுவரிசை 12 கிகாபைட் காட்டினாலும் ரெஸ் நெடுவரிசை சில நூறு மெகாபைட்டில் இருக்கும். பார்க்க வேண்டியது ரெஸ்.

ஓடிக்கொண்டிருக்கும்போதும் டிஃபால்ட் கட்டளையால் இவற்றை மாற்றலாம், ஆனால் இரண்டுக்கும் நடத்தை வேறு. த்ரெட்சைஸ்மேக்ஸை மாற்றினால் எதுவும் கலையாது, அடுத்த இணைக் கட்டளையிலிருந்து புதிய அளவு பலிக்கும். பாரிசைஸையோ பாரிசைஸ்மேக்ஸையோ மாற்றினாலும், அலோகேட்மெம் கட்டளை கொடுத்தாலும் பிரதான ஸ்டாக் முழுவதும் துடைத்து எழுதப்படும். அந்த வரியில் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் ஓடாது. ஒரு ஃபங்ஷனுக்குள்ளோ லூப்புக்குள்ளோ அலோகேட்மெம் எழுதி, மீதிக் கணக்கு ஏன் நடக்கவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும் கதை. ஸ்கிரிப்ட் கோப்பின் தலையில், தனி வரியில், எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்.

பிழைச் செய்தியைப் படிப்பது

அவசரத்தில் எல்லா நினைவகப் பிழையும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் செய்தியிலேயே விடை இருக்கிறது. பாரி ஸ்டாக் நிரம்பியது என்று வந்தால் பிரதான ஸ்டாக். கூட்ட வேண்டியது பாரிசைஸ்மேக்ஸ். த்ரெட் ஸ்டாக் நிரம்பியது என்று வந்தால் த்ரெட்சைஸ்மேக்ஸ். போதுமான நினைவகம் இல்லை, புதிய ஸ்டாக் இத்தனை என்று எச்சரிக்கை வந்தால், நீங்கள் கேட்டதைச் சிஸ்டம் தரவில்லை, பாரி குறைத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். யூலிமிட் மூலம் முகவரி அளவுக்கு வரம்பு போட்ட கணினிகளிலும், இருப்பதற்கு மேல் நினைவகம் வாக்களிக்காதபடி ஓவர்கமிட் மதிப்பை 2 என்று இறுக்கி வைத்த சர்வர்களிலும் இது வரும். அங்கே உச்ச அளவுக்கான முகவரியைப் பிடிப்பதே மறுக்கப்படலாம். டீப் ரிகர்ஷன் என்று வந்தால் பாரி ஸ்டாக்குக்குச் சம்பந்தமில்லை, அது சிஸ்டத்தின் சி ஸ்டாக்; த்ரெட்சைஸ்மேக்ஸை எவ்வளவு கூட்டினாலும் போகாது.

பாரி எந்தச் செய்தியும் சொல்லாமல் கில்டு என்ற ஒரு வார்த்தையோடு முனையம் திரும்பினால், உண்மையான நினைவகம் தீர்ந்து கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. கண்டெய்னருக்குள் ஓடியிருந்தால் வெளியேறும் குறியீடு 137 ஆக இருக்கும். இது மற்ற எல்லாவற்றையும்விட மோசம். பாரியின் சொந்த வரம்பில் முட்டினால் பிழை காட்டி முனையத்துக்குத் திரும்பும், ஹீப்பில் நீங்கள் சேர்த்து வைத்த மாறிகள் அப்படியே இருக்கும். கெர்னல் கொன்றால் மணிக்கணக்கில் ஓடியது அத்தனையும் போச்சு. உச்சங்களின் கூட்டுத்தொகையை உண்மையான நினைவகத்துக்குக் கீழே வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு வேலைக்கு எவ்வளவு வேண்டும்

த்ரெட் எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை எவ்வளவு தின்கிறது என்று தெரிய வேண்டும். அளப்பது எளிது. என்பித்ரெட்ஸை 1 ஆக்கி, பாரிசைஸ்மேக்ஸைத் தாராளமாக வைத்து, பட்டியலில் மிகப் பெரிய வேலையை மட்டும் ஓட்டுங்கள். ஸ்டாக் வளரும்போதெல்லாம் புதிய அளவைச் சொல்லி எச்சரிக்கை வரும்: 160 லட்சம், 320 லட்சம், 640 லட்சம் என்று. கடைசியாக வந்த எண் 25 கோடியே 60 லட்சம் என்றால், தேவை அதற்கும் அதன் பாதிக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் கடைசி எண்ணோடு கால் பங்கு சேர்த்து, 320 மெகாபைட் என்று த்ரெட்சைஸ்மேக்ஸை வையுங்கள். முழு அளவில் ஓட்ட முடியாத வேலை என்றால் கால் அளவிலும் அரை அளவிலும் ஓட்டி, எத்தனை மடங்காகப் பெருகுகிறது என்று பார்த்து மேலே கணியுங்கள்.

காகிதத்திலும் போட்டுப் பார்க்கலாம். பாரியில் பல்லுறுப்புக்கோவை அடர்த்தியாகவே சேமிக்கப்படுகிறது: படி வரிசையில் ஒவ்வொரு கெழுவுக்கும் ஒரு பாயின்டர், 8 பைட், கெழு பூஜ்யமாக இருந்தாலும். 64 பிட் கணினியில் ஒரு முழு எண்ணுக்குத் தலைப்பு 16 பைட், பிறகு ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பைட். ஆக, ஒரே வேர்டில் அடங்கும் கெழு என்றால் பாயின்டரோடு 32 பைட். 10 லட்சம் படி உள்ள கோவை 32 மெகாபைட். எக்ஸ் அடுக்கு 10 லட்சம் என்ற ஒற்றை உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 10,00,001 கெழு இடங்களும் 2 தலைப்பு வேர்டுகளும் சேர்த்து 80,00,024 பைட். 80 லட்சம் பைட் ஸ்டாக்கில் அந்த ஒற்றை உறுப்பே 24 பைட் வித்தியாசத்தில் கொள்ளாது.

மாடுலர் கெழுக்கள் (ஒரு பகா எண்ணால் வகுத்த மீதியாக வைக்கப்படுபவை) இன்னும் பருமன். பகா எண் சிறியதாக இருந்தாலும், ஒவ்வொரு கெழுவும் மூன்று வேர்டு உறை ஒன்றுக்குள் இருப்பதால் குறைந்தது 56 பைட். பெருக்கும்போது பாரி உள்ளே இதைக் கெழுவுக்கு ஒரு வேர்டு என்ற கச்சிதமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, அதனால் வேகம் கெடாது. சேமித்து வைப்பதுதான் வீண். விடைகளை லிஃப்ட் செய்து சாதாரண முழு எண்களாக வைத்துக்கொண்டால் 32க்கு இறங்கும். சந்தேகம் வந்தால் சைஸ்பைட் கட்டளையிடம் கேளுங்கள், பைட் கணக்கைச் சொல்லிவிடும்.

பெருக்கலின்போது ஆகும் இடைச்செலவு விடையைவிடப் பல மடங்கு. பெரிய முழு எண் கோவைகளைப் பெருக்க க்ரோனெக்கர் முறையில் ஒவ்வொரு கோவையும் ஒரே ராட்சத முழு எண்ணாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு கெழுவுக்கும் விடையின் மிகப் பெரிய கெழு கொள்ளும் அளவு இடம் விடப்படும். இதன் விளைவைப் பெருக்கல் மரத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

பெருக்கல் மரம்

20,000 நேரியல் காரணிகள், ஒவ்வொன்றும் எக்ஸ் கழித்தல் ஒரு 20 பிட் முழு எண். இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கிக்கொண்டே மேலே போகிறோம். விடையின் படி 20,000. மிகப் பெரிய கெழு சுமார் 4,00,000 பிட், அதாவது 50,000 பைட். கெழுக்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாகப் பருப்பதால், விடை அதில் பாதி இடத்தில் அடங்கும்: சுமார் 500 மெகாபைட்.

கடைசிப் பெருக்கலுக்கு ஆவது என்ன? 10,000 படி உள்ள இரண்டு கோவைகள். ஒவ்வொரு கெழுவுக்கும் 50,000 பைட் விட்டு அடுக்கினால் ஒவ்வொன்றும் 500 மெகாபைட், இரண்டுக்கும் 1 கிகாபைட். பெருக்கி வரும் எண் இன்னொரு கிகாபைட். அதைப் பிரித்து எழுதும் விடை 500 மெகாபைட். ஆக மொத்தம் 2.5 கிகாபைட், விடையைப் போல ஐந்து மடங்கு. ஜிஎம்பியின் இடம் இதில் சேரவில்லை. அதற்கு ஒரு படி கீழே இரண்டு பெருக்கல்கள்; படியும் பாதி, கெழு நீளமும் பாதி, ஆகவே ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு, 625 மெகாபைட். அதற்கும் கீழே நான்கு பெருக்கல்கள், தலா 156. அடுத்து எட்டு, தலா 39 மெகாபைட்.

இதை மொத்தமாக எட்டு த்ரெட்டிடம் விட்டுவிட்டால், உச்சிப் பெருக்கல் ஒன்றே ஒன்றுக்காகத் த்ரெட்சைஸ்மேக்ஸை 3 கிகாபைட் வைக்க வேண்டிவரும். எட்டுக்கும் சேர்த்து உச்சம் 24. சரியான வழி மரத்தை வெட்டுவது. எட்டுப் பெருக்கல்கள் இருக்கும் மட்டம் வரை பார்வெக்டர் என்ற இணைக் கட்டளையில் ஓட்டுங்கள். த்ரெட்சைஸ்மேக்ஸ் 100 மெகாபைட் போதும், எட்டுக்கும் 800 தான். நான்கு பெருக்கல் மட்டத்துக்கு என்பித்ரெட்ஸை 4 ஆகவும் த்ரெட்சைஸ்மேக்ஸை 300 மெகாபைட்டாகவும் மாற்றுங்கள். மேலே உள்ள மூன்று பெருக்கல்களைப் பிரதான த்ரெட்டிலேயே, பாரிசைஸ்மேக்ஸ் 4 ஜி இருக்க, வரிசையாகச் செய்யுங்கள். ஒரு மட்டம் முடிந்ததும் கீழ்மட்டக் கோவைகளை வைத்திருந்த மாறிக்குப் பூஜ்யம் கொடுத்து ஹீப்பைக் காலி செய்யுங்கள். மறந்தால் பழைய மட்டங்கள் அத்தனையும் அங்கேயே கிடக்கும்.

விடை ஏதோ ஒரு பகா எண்ணுக்கு மாடுலோவாக மட்டும் போதும் என்றால் இந்த ஊதிப்பெருக்கம் எதுவும் இல்லை. எல்லா மட்டமும் ஒரே அளவில் இருக்கும், மரம் முழுவதையும் தயங்காமல் எட்டு த்ரெட்டில் விடலாம். முழு எண் விடை வேண்டும் என்றாலும், பல பகா எண்களுக்குத் தனித்தனியாகக் கணித்துச் சீன மீதித் தேற்றத்தால் சேர்ப்பது நினைவகத்துக்கு இதமான வழி. எல்லாப் பகா எண்களின் விடைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் இணைக்காமல், தொகுதி தொகுதியாக இணைத்துக்கொண்டே போங்கள்.

விடைகள் திரும்பி வரும் இடம்

த்ரெட்டுகள் எல்லாம் நன்றாக முடிந்து, கடைசியில் பிரதான ஸ்டாக் நிரம்பியது என்று பிழை வந்தால் குழம்ப வேண்டாம். பாரப்ளையும் பார்வெக்டரும் எல்லா விடைகளையும் ஒரே திசையனாகப் பிரதான ஸ்டாக்கில் சேர்க்கின்றன. 2,000 வேலை, தலா 5 மெகாபைட் விடை என்றால் 10 கிகாபைட். ஒவ்வொரு வேலையும் சின்னதுதான், சேர்ந்த குவியல் பெரியது. இங்கே பார்ஃபார் என்ற இணை லூப்புக்கு மாறுங்கள். அதன் கடைசிப் பகுதியில் நீங்கள் எழுதும் கோவை, ஒவ்வொரு விடையும் வந்தவுடன் பிரதான த்ரெட்டில் ஓடும். அங்கே கூட்டிவிடலாம், கோப்பில் எழுதிவிடலாம், தேவையான ஒரே ஒரு கெழுவை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். விடைகள் வேலை வரிசையில் வரும் என்று நம்ப வேண்டாம், முதலில் முடிந்தது முதலில் வரும். அதனால் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். இதைவிட நல்லது, த்ரெட்டுக்குள்ளேயே சுருக்கி, வேண்டியதை மட்டும் திருப்பி அனுப்புவது.

எல்லா வேலைகளுக்கும் பொதுவான பெரிய கோவை ஒன்று இருந்தால் அதை எல்லா த்ரெட்டுக்கும் தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். செய்யாமல் விட்டால் பாரியே எக்ஸ்போர்ட் செய் என்று கேட்டு நின்றுவிடும். பித்ரெட் எஞ்சினில் அந்த ஒரே பிரதியை எல்லா த்ரெட்டும் படிக்கும். தனித்தனி ப்ராசஸ்களாக ஓடும் எம்பிஐ எஞ்சினில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனிப் பிரதி போகும், அதை மேலே போட்ட கூட்டலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல மாறிகள் இருக்கும்போது

இரண்டு மாறிக் கோவையைப் பாரி, எக்ஸில் உள்ள ஒரு கோவையாகவும், அதன் ஒவ்வொரு கெழுவும் ஒய்யில் உள்ள ஒரு கோவையாகவும் வைக்கிறது. எந்த மாறி வெளியே, எந்த மாறி உள்ளே என்பது நினைவகத்தைத் தலைகீழாக மாற்றிவிடும். எக்ஸின் 0 முதல் 999 வரையான அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒய் அடுக்கு 1,00,000 பெருக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1,000 உறுப்புகள். ஒய் உள்ளே இருந்தால் ஒரு லட்சம் இடம் நீளமுள்ள அணிவரிசைகள் 1,000 வேண்டும், 800 மெகாபைட். இரண்டு மாறிகளின் பெயரையும் மாற்றிப் போட்டால் நீள வரிசை ஒன்றே ஒன்று. மொத்தம் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. இடைவெளிகள் அதிகமுள்ள, பெரிய படி மாறியை வெளியே வையுங்கள். பாரியில் எக்ஸுக்கு முன்னுரிமை அதிகம். அதைவிட மேலே ஒரு மாறி வேண்டுமானால் வார்ஹையர் கட்டளை தரும். த்ரெட் வரம்பைக் கூட்டுவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். 800 மடங்கு மிச்சத்தை வேறு எந்த அமைப்பும் தராது.

நீங்கள் எழுதாத இணைமை

பார் என்று தொடங்கும் எந்தக் கட்டளையும் எழுதாமலே த்ரெட் ஸ்டாக் பிழை வரலாம். பால்ரிசல்டன்ட், பால்மாடுலர், பெரிய எண்களுக்கான ஐஸ்பிரைம் போன்றவை உள்ளே தாங்களாகவே வேலையைத் த்ரெட்டுகளுக்குப் பிரித்துக்கொள்கின்றன. ரிசல்டன்ட் கணக்கில் இது வந்தால் கேட்பது அதே த்ரெட்சைஸ்மேக்ஸ்தான். கூட்ட இடமில்லை என்றால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் என்பித்ரெட்ஸை 1 ஆக்கிவிட்டு, முடிந்ததும் திருப்பி வையுங்கள். உங்கள் சொந்த பார்ஃபாருக்குள் இவை ஓடும்போது மேலும் பிரியாது, அந்தத் த்ரெட்டுக்குள்ளேயே வரிசையாக ஓடும். ஆகவே த்ரெட்டுகளின் எண்ணிக்கை என்பித்ரெட்ஸைத் தாண்டிப் பெருகுமோ என்ற கவலை வேண்டாம்.

எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கான ஃப்ளின்ட் என்ற சி நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாரி போன்ற ஸ்டாக் இல்லை. எல்லாம் சிஸ்டத்திடமிருந்து மேலாக் வழியாக வருகிறது, த்ரெட் எண்ணிக்கையை மட்டுமே நீங்கள் சொல்கிறீர்கள். நிரம்பியது என்று சொல்ல உள்ளே ஆளில்லை என்பதால் வரம்பை வெளியிலிருந்துதான் போட வேண்டும். லினக்ஸில் சிஸ்டம்டி-ரன் கட்டளையோடு மெமரிமேக்ஸ் பண்பை 12 ஜி என்றும் மெமரிஸ்வாப்மேக்ஸ் பண்பை 0 என்றும் கொடுத்து அதற்குள் நிரலை ஓட்டினால், எல்லை மீறும்போது அந்த நிரல் மட்டும் சாகும், கணினி ஸ்வாப்பில் மூழ்கி உறையாது. அங்கே மாறிகளைக் காப்பாற்றித் தர யாரும் இல்லாததால், இடை விடைகளைக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதை முதல் நாளிலிருந்தே நிரலில் சேர்த்துவிடுங்கள்.